சின்ன எழுத்தை வெட்டிக் காட்டுங்க

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். இவர் படுத்துப் பார்த்தார்.

காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டு மாடி அப்போது காலியாக இருந்தது. சித்திரை வெயில். யாரும் வெளியே தலைகாட்டாத உச்சி வேளையில் வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி, தோளில் ஒரு துணிப்பை. கணவர் மீன் லாரி ஓட்டுகிறார், ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்றார். மேலே அழைத்துப்போய் அறைகளைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் இங்க படுத்துப் பாக்கலாங்களா?" என்று கேட்டார்.

"உடம்பு முடியலீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த வெயிலுக்கு இங்க தூக்கம் வருமான்னு பாக்கணும். அதான் இந்நேரத்துக்கு வந்தேன்."

துணிப்பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து விரித்தார். படுத்தார். எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை. கீழே இறங்கி வந்து என் கணவரிடம், "மேல ஒருத்தங்க தூங்குறாங்க" என்றேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, கன்னத்தில் போர்வையின் மடிப்பு பதிந்திருக்க, இறங்கி வந்தார்.

"வீடு நல்லாருக்குங்க. கெழக்கு ஜன்னல்லேர்ந்து காத்து வருது. பக்கத்து வீட்டு மோட்டர் சத்தம் கேக்குது, பரவால்ல, பழகிடும். எப்ப வரட்டும்?"

அப்படி எங்கள் மாடிக்கு வந்தவர்தான். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் மாடி வீட்டு அக்கா. எனக்கு வெறும் அக்கா. இப்போது அவர் இங்கே இல்லை. கணவருக்குத் தூத்துக்குடியில் வேலை அமைந்து குடும்பத்தோடு போய்விட்டார். புது வீட்டிலும் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தாராம்.

எதையும் பயன்படுத்திப் பார்க்காமல் வாங்க மாட்டார். செருப்பு வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கித் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார். கடைக்காரர் வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். குடை வாங்க மழை பெய்கிற நாளாகப் பார்த்துத்தான் போவார். கிரைண்டர் வாங்கப் போனபோது வீட்டிலேயே அரிசியும் உளுந்தும் ஊறவைத்துத் தூக்குவாளியில் எடுத்துப் போயிருக்கிறார். அரைத்து முடித்து, மாவை விரலால் எடுத்துப் பார்த்து, "இது சரி" என்று சொன்ன பிறகு அந்தக் கடைக்காரருக்கு ஒரு கிண்ணம் மாவு கொடுத்துவிட்டு வந்தாராம். "அவுரு கரண்டுலதானே அரைச்சேன்" என்றார் என்னிடம்.

இதனால் சிலர் முகம் சுளிப்பதுண்டு. மின்விசிறிக் கடைக்காரர் ஒருவர், "என்னம்மா, எங்க மேல அவ்வளவு சந்தேகமா?" என்று கேட்டுவிட்டார். அக்கா கோபப்படவில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே, "ஆள சந்தேகப்படல தம்பி. சாமானத்தான் பாக்குறேன்" என்றார்.

ஆளையும் பார்த்தார் என்பதற்கு அவருடைய தங்கை சாட்சி. தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, சமையல் எல்லாம் ஆகியிருந்தும் அக்கா வேண்டுமென்றே இலை போடத் தாமதப்படுத்தினார். பேச்சு நீண்டுகொண்டே போனது. வெயில் சாயத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பசி. தன் அம்மாவைப் பார்த்துப் பல்லைக் கடித்து ஏதோ சொன்னார். அந்த அம்மாள் பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அக்காவின் அம்மா ஒரு மாதம் மூத்த மகளோடு பேசவில்லை. அடுத்து வந்த மாப்பிள்ளைக்கும் அதே சோதனை. அவர் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் மெல்ல எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்து, "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா? நான் எதாவது செய்யணுமா?" என்று கேட்டாராம். உடனே இலை போடப்பட்டது. தங்கை இப்போதும் அவரோடுதான் நன்றாக இருக்கிறாள்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். எனக்கே அவருடைய தயவு தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

நான் காரைக்காலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து கோக்கிற வேலை பார்த்துவந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு விழா, எதுவானாலும் என் கையில்தான் வடிவம் பெறும். முதலாளிக்கு வயதாகி, மகனோடு இருக்கப் புதுச்சேரிக்குப் போக முடிவு செய்து அச்சகத்தை மூடினார். எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை, நல்ல மனிதர். ஆனால் மறுநாள் காலையில் குளித்துச் சேலை கட்டிக்கொண்டு போக இடம் இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை. வேறு யாரிடமும் போய் நிற்க மனம் வரவில்லை. வீட்டு முன்னறையிலேயே ஸ்டிக்கர் கடை போடுவது என்று தீர்மானித்தேன். கடைக் கண்ணாடியில் ஒட்டுகிற எழுத்து, பைக்கில் ஒட்டுகிற பெயர், சின்னப் பெயர்ப்பலகை, படகுக்குப் பெயர். எழுத்து வடிவம் போட எனக்குத் தெரியும். வெட்டுகிற மெஷின் மட்டும் வேண்டும்.

என் கணவர் கிரேன் ஆபரேட்டர். அவரோடு வேலை பார்ப்பவர் மூலமாக ஒரு வீடியோ வந்தது. திருச்சியில் ஒருவர் தன் ஸ்டிக்கர் கடையை மொத்தமாக விற்கிறார். மெஷின், கம்ப்யூட்டர், மேசை, மிச்சமிருக்கும் ஸ்டிக்கர் தாள் ரோல்கள், எல்லாம் சேர்த்து. வீடியோவில் மெஷின் சர்சர் என்று ஓடி ஒரு வண்ணத்துப்பூச்சியை வெட்டியது. அதை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேனோ தெரியாது. கையிலிருந்த பணம், கழுத்திலிருந்த சங்கிலி எல்லாம் சேர்ந்தால் அதற்குச் சரியாக வரும். அதற்குமேல் எங்களிடம் ஒன்றும் கிடையாது. தவறிப்போனால் மறுபடி முயற்சி செய்ய வழியில்லை. இதை நானும் கணவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை, இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

அவருக்கு ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. தனியாகத் திருச்சிக்குப் போக எனக்குத் துணிவில்லை. "மாடி வீட்டு அக்காவக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அவங்களயா? எதுவும் வாங்காம வந்து நிக்கப்போறீங்க ரெண்டு பேரும்."

மாடியேறிப் போய் அக்காவிடம் வீடியோவைக் காட்டினேன். பார்த்தார். "அழகா வெட்டுது. நீ வண்ணத்துப்பூச்சியா விக்கப் போற?" என்று கேட்டார்.

"இல்லக்கா. எழுத்துதான்."

"இப்ப கையில என்ன வேல இருக்கு?"

இரண்டு வேலைகள் வாய்வார்த்தையாக வந்திருந்தன. திருவேட்டக்குடியில் ஒரு பைபர் படகுக்குப் பெயர் எழுத வேண்டும், பெரிய எழுத்து. திருமலைராயன்பட்டினத்தில் புதிதாகத் திறக்கும் ஒரு தையல் கடையின் கண்ணாடிக் கதவில் பெயரும் முகவரியும் ஒட்ட வேண்டும், முகவரி சின்ன எழுத்து.

"அப்ப அந்த ரெண்டையும் எதாவது கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டு பென்டிரைவ்ல எடுத்துக்க. அங்க போயி அதையே வெட்டிக் காட்டச் சொல்லுவோம்."

விடிகிற நேரத்தில் பஸ் ஏறினோம். மடியில் பணப்பையை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கும்பகோணத்தில் அக்கா இறங்கி எனக்குக் காபி வாங்கி வந்தார். தான் குடித்துப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு, குடி" என்று கொடுத்தார்.

கடைக்காரர் இளைஞர். எங்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "அக்கா, அக்கா" என்று நன்றாகத்தான் பேசினார். தமிழ் எழுத்தே தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு இதை விற்க மனமில்லை, உங்களைப் போலத் தொழில் தெரிந்தவர்கள் கையில் போனால் சந்தோஷம் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மெஷினை ஓட்டினார். WELCOME என்று பெரிய எழுத்தில் வெட்டியது. ஓரமெல்லாம் வழவழவென்று இருந்தது. அப்புறம் அந்த வண்ணத்துப்பூச்சி. அடுத்த பார்ட்டி சாயங்காலம் வருவதாகவும் சொன்னார். என் கை தானாகப் பணப்பையின் ஜிப்பைத் தேடியது.

அக்கா தன் துணிப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார்.

"தம்பி, இதுல ரெண்டு வேல இருக்கு. அத வெட்டிக் காட்டுங்க."

படகின் பெயரை வெட்டினார். நன்றாக வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். போதுமே என்பது போல. அக்கா, "அந்தச் சின்ன எழுத்து" என்றார்.

"சின்னதும் இதே மாதிரிதான்க்கா வரும். ரோல் வேஸ்ட் ஆகும்."

"ரோலுக்கு நாங்க குடுத்துடுறோம். சின்ன எழுத்த வெட்டிக் காட்டுங்க."

'திருமலைராயன்பட்டினம்' என்று கடைசி வரியில் இருந்தது. விரலகல எழுத்து. அதில் மட்டும் மூன்று புள்ளிகள், மேல் வரிகளிலும் உண்டு. மெஷின் ஓடி நின்றது. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெட்டிய பிறகு எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத பகுதியை ஊசியால் கிள்ளி உரித்தெடுக்க வேண்டும். எழுத்து மட்டும் தாளில் நிற்கும். அந்த இளைஞர் உரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு புள்ளியும் அதோடு சேர்ந்து கிளம்பி வந்தது. வட்டம் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியாமல் ஒரு மயிரிழை தள்ளி முடிந்திருந்தது. வட்டம் மூடவில்லை. அதனால் புள்ளி தனியாகப் பிரியவில்லை. ன், ட், ம் எல்லாம் தலையிலிருந்த புள்ளியை இழந்து நின்றன.

"பிளேடு பழசுக்கா. அதான்."

"புதுசு போடுங்க. நாங்க இருக்கோம்."

புதுப் பிளேடு போட்டார். மறுபடி அதே. அழுத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். வேகத்தைக் குறைத்தார். ஒன்றிரண்டு புள்ளிகள் நின்றன, மற்றவை வந்துவிட்டன. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "என்னப்பா, கவர்மென்ட்டு இன்ஸ்பெக்சனா?" என்று சிரித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் அக்கா மேல் ஆத்திரமும் வந்தது. படகுப் பெயர்தான் சரியாக வந்ததே, சின்ன எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே, எல்லாம் கைக்கு வருகிற நேரத்தில் இப்படி ஒரு புள்ளிக்காக நிற்க வேண்டுமா என்று தோன்றியது. காதோடு, "அக்கா, போதும்க்கா. வாங்கிடுவோம்" என்றேன்.

"வாங்கிக்க. ஒன் காசு. அந்தத் தையக்கடைக்கு என்ன சொல்லுவ?"

பணப்பையை மறுபடி இடுக்கிக்கொண்டேன்.

மதியம் ஆகிவிட்டது. அக்கா அந்தக் கடையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்தார். எனக்குப் பாதி, அந்த இளைஞருக்கும் ஒரு பங்கு. "நீங்களும் காலையிலேர்ந்து எங்களோட நிக்கிறீங்க, சாப்புடுங்க" என்று ஊறுகாயோடு நீட்டினார். அவர் முதலில் வேண்டாமென்றார். பிறகு வாங்கிக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். கையை அப்படியே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லிடுறேன். கட மாத்தும்போது மாடிப்படியில மெஷின் விழுந்துடுச்சு. அப்பலேர்ந்து இப்படித்தான். ஆள வச்சுப் பாத்தாச்சு, உள்ள கம்பி லேசா வளஞ்சிருக்காம். பெரிய எழுத்துன்னா ஓடும். சின்னது வராது. அதனாலதான் கடையையே வுடுறேன்."

இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் அந்த வளைந்த கம்பியைத்தான் நான் சங்கிலி விற்றுச் சுமந்துகொண்டு வந்திருப்பேன். அக்கா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "சொன்னீங்கல்ல தம்பி, அது போதும். சாப்புடுங்க" என்றார்.

அந்த இளைஞர் பெருமூச்சு விட்டார். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டிருந்தது அவருக்கும் பெரும் பாரமாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். கம்ப்யூட்டர் நல்லது, ஆனால் இந்த ரோல்களில் கறுப்பு வாங்காதீர்கள், வெயிலில் வெளுத்துவிடும் என்று அவரே சொன்னார். அக்கா சிவப்பையும் வெள்ளையையும் கொஞ்சம் வெட்டித் தன் சாப்பாட்டு டப்பாவில் ஒட்டி, டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி ஊற்றிப் பார்த்தார். நின்றது. கம்ப்யூட்டரையும் அந்த ரோல்களையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். மெஷின் புதிதாக எங்கே வாங்கலாம் என்று அவரே வழிசொல்லி, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

புது மெஷின் விற்கும் அந்தக் கடையை ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தார். அக்கா பென்டிரைவை நீட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "பெரிய ஊரு பேராக் கொண்டுவந்திருக்கீங்களே" என்றார். பழையதைவிட அகலம் குறைந்த, ஒரு மேசைமேல் அடங்குகிற, மிச்சப் பணத்துக்குள் வருகிற மெஷின். ஓடியது. நானே ஊசியை வாங்கி உரித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். சுற்றியிருந்ததெல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அத்தனை புள்ளிகளும் தாளில் அப்படி அப்படியே உட்கார்ந்திருந்தன. அக்கா குனிந்து மூக்கு தொடுகிற அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது சரி" என்றார்.

பஸ்ஸில் மெஷின் பெட்டியை எங்கள் இருவரின் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தோம். தஞ்சாவூர் தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. "எதுக்குடி அழுவுற? அதான் வாங்கியாச்சே" என்றார். வாங்கியதற்காகத்தான் அழுகிறேன் என்று சொன்னேன். ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, "காத்து வாங்கு" என்றார்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் டி போட்டுத்தான் பேசினார். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு என் முன்னறைக்கு இறங்கி வந்துவிடுவார். வெட்டியதை உரிக்கிற வேலை அவருடையது. ஊசி பிடித்துத் துணி தைத்த கை, எழுத்தின் இடுக்கெல்லாம் போய் வரும். கொஞ்ச நாளில் கடை எங்கள் இருவருடையதுமாக ஆகிவிட்டது.

படகு வேலையில் அவரால் எனக்கு இன்னொரு சங்கடம் வந்தது. பெயர் முழுவதையும் வெட்டி எடுத்துக்கொண்டு திருவேட்டக்குடிக்குப் போனால், அக்கா ஒரே ஓர் எழுத்தை மட்டும் படகில் ஒட்டிவிட்டு, மிச்சத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

படகுக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்னம்மா இது, ஒத்த எழுத்த ஒட்டிட்டுக் கெளம்புறீங்க?"

"கடலுக்குப் போயிட்டு வாங்கண்ணே. உப்புத்தண்ணியில நிக்குதான்னு பாத்துட்டு மிச்சத்த ஒட்டுறோம்."

"ஊரே சிரிக்கும்மா. எம் படகுக்கு 'கு'ன்னு பேரு வச்சிருக்கேன்னு."

"ரெண்டு தடவ போயிட்டு வாங்கண்ணே. அப்புறம் ஊரே படிக்கும்."

போய்விட்டு வந்தார். அந்த எழுத்தின் ஓரம் கிளம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. படகின் மேல் பூச்சில் இருந்த எண்ணெய்ப் பசை நாங்கள் துணியால் துடைத்ததில் போகவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, ஓரங்களை அழுத்தி ஒட்டினோம். அது நின்றது. 'குலதெய்வம் துணை' என்று முழுப் பெயரோடு அந்தப் படகு கடலுக்குள் போனதைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்டு வந்தார்கள். அந்த ஒற்றை எழுத்து மட்டும் முன்னால் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால், மொத்தப் பெயரும் கடலில் உரிந்து, அந்தக் கரையில் எனக்கு வேறு ஒரு வேலையும் வந்திருக்காது.

இப்படிப்பட்டவரை எதற்கும் அஞ்சாதவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவில் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தோம். மேல் வரிக்காக அக்கா அண்ணாந்தார். போர்த்தியிருந்த முந்தானை விலகியது. கழுத்தில், தொண்டைக்குக் கீழே, எலுமிச்சம்பழம் போல ஒரு மேடு. இதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கொஞ்ச காலமாகவே முந்தானையால் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்வார். அதை அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. கொழுப்புக் கட்டி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

"எவ்வளவு நாளா இருக்கு?"

"கிறிஸ்துமசுக்கு முன்னாடிலேர்ந்து இருக்கு. அந்த டேப்ப எடு."

அப்போது மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய ஒரு வருடம். டேப்பை எடுக்காமல் நின்றேன். "டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டுனா ஊசி குத்திப் பாக்கணும்பாங்க." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாத்தா எதாவது சொல்லிடுவாங்கடி."

ஒரு செருப்புக்காகத் தெருமுனை வரை நடந்து பார்க்கிற பெண்மணி. கணவரிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர், ரோட்டில் போகும்போது இதையே நினைத்துக்கொண்டிருப்பார் என்றார். மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றார். அப்புறம் மழை நிற்கட்டும் என்றார்.

மறுநாள் அவர் இறங்கி வந்தபோது நான் மெஷினைப் போர்வை போட்டு மூடிவைத்திருந்தேன்.

"என்னாச்சு? ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க டாக்டர்கிட்ட வர்றேன்னு சொல்ற வரைக்கும் இது ஓடாது."

"பைத்தியமாடி ஒனக்கு? பள்ளிக்கூடத்து போர்டு வேல கெடக்கு."

"கெடக்கட்டும்."

கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று முழுக்க இறங்கவில்லை. நானும் போர்வையை எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, ஏதோ சமாதானம் சொன்னேன். அடுத்த நாள் காலை, குளித்துத் தலைவாரி, மாதா கோயிலுக்குப் போகும்போது கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "எந்த பஸ்சு?" என்றார்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஊசி குத்தும்போது என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. முடிவு தெரிய அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அந்த வாரம் அவர் உரித்த வேலையெல்லாம் தப்பு. எழுத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு வேண்டாத பகுதியைத் தாளில் விட்டுவைப்பார். நான் மறுபடி வெட்டிவைப்பேன். அவர் அடுத்த தாளை எடுப்பார்.

குறித்த நாளில் போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "இது சாதாரணக் கட்டிதாங்க. தைராய்டுல வர்றது. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. இப்போதைக்கு மாத்திரை போதும். அப்பப்ப வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா மறுபடி ஒருமுறை சொன்னார். அப்போதும் எழவில்லை. நான்தான் தோளைத் தொட்டு எழுப்பி வெளியே கூட்டிவந்தேன்.

வராந்தாவில் நடந்து வரும்போது எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கொஞ்சம் குறும்பும் வந்தது. "அக்கா, எதுக்கும் வேற எடத்துலயும் ஒரு தடவ காட்டிப் பாத்துடலாமா?" என்றேன்.

"வாய மூடிட்டு வா."

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் நின்று கணவருக்குப் போன் செய்தார். அவர் லோடு ஏற்றிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தார். "வண்டிய ஓரமா நிறுத்துங்க மொதல்ல" என்றார் அக்கா. "நிறுத்திட்டீங்களா? அப்ப கேளுங்க." முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், கட்டி வந்தது, மறைத்தது, ஊசி குத்தியது, டாக்டரம்மா சொன்னது. போனிலிருந்து அவர் கத்துவது எனக்கே கேட்டது. அப்புறம் சத்தம் ஒன்றும் வரவில்லை. அக்கா போனைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

"என்னக்கா, திட்டுறாரா?"

"இல்லடி." போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "லாரிய நிறுத்திட்டு அழுவுறாரு அந்த மனுசன்."